நாலு மணிக்கு வருகிறவன்

"செத்துப்போன என் பையன் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வர்றான். அது அவன்தானா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

வந்தவள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். உதவியாளர் பட்டாசு கையிலிருந்த பேனாவை நழுவ விட்டாள். லைன்மேன் மட்டும், மழை வருமா என்று யாரோ விசாரித்த மாதிரி, நாற்காலியைக் காட்டினார்.

லைன்மேன் என்பது அவர் பேரல்ல, பழைய உத்தியோகம். இருபத்திரண்டு வருஷம் டெலிபோன் கம்பத்தில் ஏறி இறங்கியவர். எவன் வீட்டுக் கம்பியில் எவன் ஒட்டுக் கேட்கிறான் என்று கண்டுபிடித்துக் கொடுத்துப் பேர் வாங்கி, கம்பங்கள் போன பிறகு துப்பறிவதையே தொழிலாக்கிக்கொண்டார். பட்டாசு அவர் மனைவியின் தங்கை. மேலாளரிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிக் கம்ப்யூட்டர் வேலையைத் தொலைத்துவிட்டு, மாமாவுக்கு உதவியாளராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவள். அந்தப் பட்டப்பேர் ஏன் வந்தது என்பது அவளோடு அஞ்சு நிமிஷம் பேசினால் விளங்கிவிடும்.

"எங்கே வர்றான்மா?" என்றார் லைன்மேன்.

"கம்ப்யூட்டர் விளையாட்டுல. கட்டம் கட்டமா வீடு கட்டுற விளையாட்டு. நீலச் சட்டை, சிவப்புத் தொப்பி. என்னைப் பார்த்ததும் ரெண்டு தடவை குதிப்பான். உசிரோட இருந்தப்பவும் அப்படித்தான்." அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "என் கண்ணுல கோளாறுன்னு நினைக்காதீங்க. கண்ணாடிக் கடையில பதினெட்டு வருஷமா அடுத்தவங்க கண்ணை அளக்குறதுதான் என் வேலை."

கதை இதுதான். மகனுக்குப் பத்தொன்பது வயது. பைக் பைத்தியம். ஒரு தடவை விழுந்து கையை முறித்துக்கொண்ட பிறகு அம்மா சட்டம் போட்டாள்: கூட்டாளிகள் பைக் ரேஸ் விடும் நாலிலிருந்து அஞ்சு வரை வெளியே போகக்கூடாது, அவள் கண்ணெதிரே இருக்க வேண்டும். 'அப்போ நீயும் விளையாட்டுக்கு வா' என்றான் பையன். அவன் மாடி அறையில், அவள் கீழே கூடத்தில். திரையில் இருவரும் ஒன்றாக.

"பதினோரு மாசம் முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்து, லாரில அடிபட்டுட்டான்னாங்க. கைக்கடிகாரம் நாலு மணி அஞ்சு நிமிஷத்துல நின்னு போயிருந்துச்சு. ஆஸ்பத்திரிச் சீட்டுலயும் அதே நேரம். ஆனா சார், நாலு இருபதுக்கு அவன் என் திரையில நின்னு எனக்கு ஒரு ரோஜா கொடுத்தான். நான் பார்த்தேன்."

பட்டாசு மாமாவைப் பார்த்தாள். 'பாவம், துக்கத்தில் மணி குழம்பிவிட்டது' என்று அவள் கண் சொன்னது. மாமா நாலு இருபது என்பதைத் தாளில் எழுதிக்கொண்டார்.

"போலீஸ் வந்ததும் என்ன செஞ்சீங்க?"

"மாடிக்கு ஓடினேன். அவன் இல்ல. அவன் அக்கா மட்டும் மாடியில நின்னா. எப்போடி போனான்னு கேட்டேன். வாயையே திறக்கல. போனது தெரிஞ்சும் தடுக்கல அவ. அன்னையிலேர்ந்து அவகூட எனக்குப் பேச்சு கிடையாது."

"மறுபடி எப்போ வந்தான்?"

"நாப்பத்திரெண்டு நாள் முன்னாடி. பத்து மாசமா நாலு மணி ஆனா தனியாப் போய் அவன் கட்டின வீட்டு வாசல்ல நிப்பேன். ஒரு நாள் உள்ளேயிருந்து வந்தான். நான் போட்ட கூச்சல்ல தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். ஆனா எனக்கு மட்டும்தான் சார் தெரியுறான். எங்க வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துலயே உட்கார்ந்தாரு, வரல. மத்த நாள் அவர் வேலை முடிஞ்சு வந்து கேட்டைத் திறந்து உள்ளே வர்றதுக்குள்ள மறைஞ்சுடுறான். திங்கட்கிழமை காலையில என்னை மனநல ஆஸ்பத்திரியில சேர்க்கப் போறாங்க. கையெழுத்தே போட்டாச்சு."

அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். மகனோடு பேசியதையெல்லாம் அன்றன்றே எழுதி வைத்திருக்கிறாளாம்.

"அது அவன்தான்னா எனக்குப் பைத்தியமில்ல. அவன் இல்லன்னா..." முடிக்காமல் படியிறங்கினாள்.

"மாமா, இது டாக்டர் கேஸ்," என்றாள் பட்டாசு.

"செருப்பை மாட்டு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, மூணு நாள்தான் இருக்கு," என்றார் மாமா.

பேருந்தில் பட்டாசு நோட்டைப் படித்தாள். அம்மா பக்கம் பக்கமாகப் பேசியிருந்தாள்: கடைக்கு வந்த மாறுகண் கிழவர், துருப்பிடிக்கும் சைக்கிள், அவன் சட்டையைத் துவைக்காமல் மடித்து வைத்திருப்பது. அவன் பதில்கள் சின்னச் சின்னவை. 'ம்', 'சாப்பிட்டியா?', 'அழாதேம்மா'.

இருபத்துமூன்றாம் நாள்:

அவன்: அக்கா எப்படி இருக்கா?

நான்: அவளுக்கென்ன, இருக்கா. போயிருக்க வேண்டியது அவதான், தங்கம்.

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாள் பக்கங்களில் ஒற்றை வார்த்தை: 'வரல'. 'வரல'. மூன்றாம் நாள் எழுத்து தாளையே கிழித்திருந்தது: 'வந்துட்டான்!'

"நடுவுல ரெண்டு நாள் லீவு மாமா!" என்று குதித்தாள் பட்டாசு. "ஆவி லீவு எடுக்காது. மனுஷன்தான் எடுப்பான்."

"நல்ல பாயிண்ட்," என்றார் மாமா ஜன்னலைப் பார்த்தபடி. "பாதி."

விளையாட்டின் சர்வர் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில், மேஜைக்கு அடியில், பக்கவாட்டு மூடி கழன்ற பழைய கம்ப்யூட்டராகக் கிடந்தது. அதை நடத்துகிறவன் செத்தவனின் நண்பன், மொட்டை. தலை நிறைய முடி. பள்ளிக்கூடத்தில் ஒட்டிய பேர், முடி வளர்ந்தும் உதிரவில்லை.

"அவன் வர்றானா?" மொட்டையின் முகம் வெளுத்தது. "சார், விளையாடாதீங்க. அவனும் நானும் சேர்ந்து வச்ச சர்வர் இது. அவன் போட்டது எதையும் நான் இன்னைக்கு வரைக்கும் தொடல. மனசு வரல."

"தொட வேண்டாம். எப்படி நடக்கும்னு மட்டும் சொல்லு. சர்வர் அந்தம்மாவுக்குப் படம் அனுப்புதா?"

"படம் இல்ல சார். சின்னச் சின்னப் பொட்டலமா சேதி அனுப்பும். பாக்கெட்னு சொல்வோம். 'இங்க ஒரு ஆள் நிக்குறான், பேர் இது, சட்டை இந்த நிறம், இப்போ குதிக்குறான்.' அம்மாவோட கம்ப்யூட்டர் அதைப் பிரிச்சுப் படமா வரைஞ்சுக்கும்."

"நடுவழியில ஒருத்தன் பொட்டலத்தைப் பிரிச்சு, பேரையும் சட்டையையும் மாத்தி, மறுபடி ஒட்டி அனுப்பினா?"

மொட்டை அவரை மரியாதையோடு பார்த்தான். "செய்யலாம் சார். சர்வர்ல ப்ளகின்னு ஒட்டுவேலை நிறையப் போடுவோம். அதுல ஒண்ணு போற பொட்டலத்தை மறிச்சுத் திருத்தும். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் திருத்தி அனுப்பலாம். மத்தவங்களுக்கு நிஜம் போகும், அவங்களுக்கு மட்டும் பொய் போகும். சர்வர் பதிவுல ஒரு கீறல்கூட விழாது. ஏன்னா சர்வர்ல எதுவுமே மாறல."

"அப்போ நிஜத்துல அங்கே வேற யாரோ நிக்கணும். பதிவைப் பாரு. நாலு மணிக்கு அந்தம்மா பக்கத்துல யாரு?"

மொட்டை தட்டினான். "எறும்புன்னு ஒரு பேர். தினமும். பழைய பேர்தான் சார், ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு. ஆள் யாருன்னு தெரியாது. எல்லாரும் ஒரே வாசல் வழியா உள்ளே வர்ற மாதிரி வச்சிருக்கேன், எந்த வீட்டுலேர்ந்து வர்றாங்கன்னு பதிவாகாது."

"வசதிதான்," என்றாள் பட்டாசு. "ஆமா, மூணு வாரம் முன்னாடி ரெண்டு நாள் எங்கேப்பா போயிருந்தே?"

"பல்லைப் பிடுங்கிட்டுப் படுத்திருந்தேன்கா. கடையே திறக்கல."

பட்டாசு மாமாவின் முழங்கையை இடித்தாள். மாட்டினான்! அந்த நேரம் அவர் போன் அடித்தது. கண்ணாடிக் கடைக்காரம்மா.

"வந்துட்டான் சார். குதிக்குறான்."

மணி நாலு. மொட்டையின் ஒரு கையில் சாலிடரிங் கம்பி, மறு கையில் யாருடையதோ உடைந்த போன். விளையாட்டில் அவன் இல்லை. பட்டாசு புஸ்வாணமானாள்.

"ஆள் வச்சிருக்கலாம்ல?" என்றாள், விட மனசில்லாமல்.

லைன்மேன் கேட்காததுபோல மொட்டையிடம் திரும்பினார். "அந்த ஒட்டுவேலையைக் கண்டுபிடி. மெதுவாத் தேடு."

அறுபது ப்ளகின்களுக்கு நடுவே அது இருந்தது. 'பூந்தொட்டி' என்ற அப்பாவிப் பேரில், செத்தவனின் ஃபோல்டரில். மொட்டை திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். எறும்பின் பொட்டலம் அம்மாவுக்குப் போகும்போது மட்டும் பேர், சட்டை, தொப்பி எல்லாம் மாறும்படி எழுதியிருந்தது.

"தேதி?" என்றார் லைன்மேன்.

"பதிமூணு மாசம் முன்னாடி."

லைன்மேனின் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. வெற்றி பெற்றவர் முகம்போல அது இல்லை என்று பட்டாசுக்குத் தோன்றியது.

"அழிக்காதே. அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் சனிக்கிழமை, சரியாக நாலே காலுக்கு அந்த வீட்டு இரும்பு கேட்டைத் திறந்தார்கள். அது திறக்கவில்லை, ஊளையிட்டது. கூடத்துக்குள் நுழைந்தபோது அம்மா திரையைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள்.

"இப்பத்தான் மறைஞ்சான்."

லைன்மேன் குனிந்து கம்ப்யூட்டரைச் சுற்றிப் பார்த்தார். காமிரா இல்லை, மைக் இல்லை. எண்ணெய் இறங்கிய விசைப்பலகையும் ஒரு மௌஸும்தான். மாடியிலிருந்து மருந்துக்கடைச் சீருடையில் ஒரு பெண் இறங்கி வந்தாள். காலை ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கே வந்துவிட்ட மகள். அவர்களைக் கடந்து போய்ச் செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறிப்போனாள். அம்மா தலையைத் திருப்பவில்லை. மின்விசிறி ஓடுவதைப் பொருட்படுத்துவோமா, அதுபோல.

"சரிம்மா, நாளைக்கு வர்றோம்," என்றார் லைன்மேன் சத்தமாக. கேட் ஊளையிட, தெருவுக்கு வந்தார்கள்.

"அவ்வளவுதானா மாமா?"

"செருப்பைக் கழட்டு. பின்சந்துல சமையலறைக் கதவு திறந்திருக்கு."

பூனைபோல உள்ளே வந்து, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். திரையில், கட்டங்களால் ஆன ஒரு வீட்டு வாசலில், நீலச் சட்டையும் சிவப்புத் தொப்பியுமாக ஒருவன் நின்றிருந்தான். ரெண்டு தடவை குதித்தான்.

பட்டாசு கத்தப் போனாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குக் கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். அச்சகத்தில் ஃபோர்மேனான அப்பா, நகக்கண்ணில் கறுப்பு மையோடு. கதவோரம் மொட்டை. கடைசிப் படியில் மகள். கம்ப்யூட்டர் நாற்காலியில், எல்லோருக்கும் முதுகைக் காட்டி, அம்மா.

"முதல் விஷயம்," என்றார் லைன்மேன். "இந்தம்மா பார்த்தது நிஜம். நேத்து நாங்க ரெண்டு பேரும் பார்த்தோம்."

அப்பா எழுந்தே விட்டார். "அப்போ இவளுக்கு..."

"ஒண்ணுமில்ல. நாளைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. வந்தது ஒரு ஆள். அந்த ஆளைப் பொட்டலத்துல மாத்தி உங்க பையனாக் காட்டியிருக்கு."

"எந்தப் படுபாவி?" அப்பா மொட்டையின் சட்டையைப் பிடித்தார்.

"விடுங்க. உங்க மனைவி போன் பண்ணினப்போ அவன் என் கண்ணெதிரே சாலிடர் வச்சிட்டிருந்தான். அந்த ஒட்டுவேலையை அவன் எழுதல. பதிமூணு மாசத்துக்கு முந்தின தேதி அதுல இருக்கு. உங்க பையன் செத்துப் பதினோரு மாசம். உசிரோட இருக்குறவனை ஆவியாக் காட்ட ரெண்டு மாசம் முன்னாடியே எவன் எழுதி வைப்பான்? அது ஆவிக்கு எழுதினதில்ல. உங்க பையனே எழுதினது."

லைன்மேன் அம்மாவின் முதுகைப் பார்த்துத் திரும்பினார்.

"அம்மா, நீங்க முதல் நாளே விடையைச் சொல்லிட்டீங்க. நாலு அஞ்சுக்கு அவன் ரோட்டுல செத்தான். நாலு இருபதுக்கு உங்களுக்கு ரோஜா கொடுத்தான். எல்லாரும் ரெண்டுல ஒண்ணு தப்புன்னாங்க. ரெண்டுமே சரி. அன்னைக்கே உங்க திரையில நின்னது அவன் இல்ல. நாலு டு அஞ்சு அவன் உங்க கண் முன்னாடி இருக்கணும். அவனுக்கோ பின்சந்து வழியா நழுவிப் பைக்ல போகணும். அதனால தனக்குப் பதிலா இன்னொரு ஆளை விளையாட்டுல நிக்க வச்சு, உங்க கண்ணுக்கு மட்டும் அது தானா தெரியுற மாதிரி பண்ணிட்டுப் போயிருக்கான். ரெண்டு மாசம். எத்தனை தடவைன்னு யாருக்குத் தெரியும்."

பட்டாசுக்கு இப்போது மெல்ல விளங்கியது. அவள் படியைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"சரி, அந்த ஆள் யாரு? அப்பா இந்த கேட்டைத் திறந்ததும் மறையுற ஆள். இந்தக் கம்ப்யூட்டர்ல காதும் கிடையாது, கண்ணும் கிடையாது. அப்போ கேட் சத்தம் கேக்குற தூரத்துல இருக்குற ஆள். அப்பா பக்கத்துல உட்கார்ந்த அன்னைக்கு, அவர் உட்கார்ந்ததைப் பார்த்த ஆள். இது போதும். ஆனா எனக்கு இது தேவைப்படல." லைன்மேன் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "இருபத்துமூணாம் நாள் அந்த ஆள் உங்களை ஒரு கேள்வி கேட்டுச்சு. அக்கா எப்படி இருக்கான்னு. நீங்க ஒரு பதில் சொன்னீங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாள் அந்த ஆள் வரல. அந்தப் பதில் இந்த உலகத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் அப்படி வலிக்கும்."

"என்ன பதில்?" என்றார் அப்பா.

லைன்மேன் படிக்கவில்லை. படியிலிருந்து குரல் வந்தது.

"'போயிருக்க வேண்டியது அவதான், தங்கம்.'"

மகள் அழவில்லை. மருந்துச் சீட்டை வாசிக்கிற குரல்.

"அவன்தான் கெஞ்சுவான். 'அரை மணி நேரம் எறும்பு, அம்மாகிட்ட நில்லு, வந்துடுறேன்'னு. என்னை அப்படித்தான் கூப்பிடுவான். அன்னைக்கும் நின்னேன். ரோஜா நான் கொடுத்ததுதான். போலீஸ் வந்து நின்னப்போ, நான் என்னன்னு சொல்ல? 'அவன் செத்த நேரத்துல நான்தான் அவனா இருந்தேன்'னா?"

"இத்தனை நாள் கழிச்சு ஏம்மா மறுபடி?" என்றாள் பட்டாசு.

"வேணும்னு செய்யல. அவன் கட்டின வீட்டைப் பார்க்கலாம்னு போனேன். அந்த ஒட்டுவேலை இன்னும் ஓடிட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது. கீழேயிருந்து அம்மா கத்துனாங்க, 'தங்கம்'னு." அவள் முதல் தடவையாக நிமிர்ந்தாள். "பத்து மாசமா என்னை ஒரு வார்த்தை கூப்பிடல. சாப்பிடக்கூடக் கூப்பிடல. அங்க போனா, இன்னைக்கு என்ன சாப்பிட்டேன்னு கேக்குறாங்க. தலை வலிக்குதான்னு கேக்குறாங்க. நிறுத்தணும்னுதான் ரெண்டு நாள் போகாம இருந்தேன். அம்மா சுவத்துல தலையை முட்டிக்கிட்டாங்க. மறுபடி போனேன்."

"ஆஸ்பத்திரிக்கு அனுப்புறோம்னு தெரிஞ்சுமா?" அப்பா படியை நோக்கி ஓரடி வைத்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னா அந்த ஒரு மணி நேரமும் எனக்குப் போயிடும்பா."

பட்டாசு அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது திரும்புவாள். எழுந்து வந்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்வாள். இவ்வளவு கேட்ட பிறகு எந்தத் தாயாலும் வேறு என்ன செய்ய முடியும்?

அம்மா திரும்பினாள். பதினோரு மாசத்தில் முதல் தடவையாக மகளின் முகத்தைப் பார்த்தாள். கண் அளக்கிறவளின் பார்வை. இமைக்காமல், நிதானமாக, குறை எங்கே என்று தேடுகிற பார்வை.

"மணி என்ன?" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. மொட்டைதான் போனைப் பார்த்தான். "மூணு அம்பத்தஞ்சுமா. நான்... அந்த ப்ளகினை இப்பவே எடுத்துடவா?"

"அதுல கை வச்சே, கையை உடைச்சுடுவேன்."

பிறகு மகளிடம்: "மேல போ."

"அம்மா..."

"மணி ஆச்சு. போ."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மை படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்தாள். ஒவ்வொரு படியாக ஏறினாள். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"மாமா," பட்டாசு கிசுகிசுத்தாள். "ஏதாவது சொல்லுங்களேன்."

"அவனா இல்லையான்னு கேட்டாங்க. சொல்லிட்டேன்." லைன்மேன் நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். "இனி கண்டுபிடிக்க இங்கே எனக்கு ஒரு லைனும் இல்ல."

திரையில் கட்டங்களால் ஆன வீட்டுக் கதவு திறந்தது. நீலச் சட்டை, சிவப்புத் தொப்பி.

"வந்துட்டியா தங்கம்," என்று அம்மா தட்டினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "சாப்பிட்டியா?"

மாடியில் வாயைப் பொத்திக்கொண்டு யாரோ கேவுகிற சத்தம் கூரை வழியே இறங்கியது. அம்மா தலையைத் தூக்கவில்லை.

திரையில் அவன் ரெண்டு தடவை குதித்தான்.